உங்கள் பாஸ்ஃப்ரேஸை வாங்கிக்கொள்வது எந்தக் கம்ப்யூட்டர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் நடுவில் நுணுக்கமான இடம் வந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் நம் உதவித்தொகைக் குழுவுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் முதல் பாதியைக் கட்டாயம் படியுங்கள். ஏனென்றால் தவறு என்னுடையது. அதை நானே சொல்வதுதான் முறை.

நம் குழுவின் சர்வரைப் பற்றிப் பலருக்குத் தெரியும். 2017 இல் நம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து மாத வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். உதவி கேட்கும் பிள்ளைகளின் வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சில வீடுகளில் மருத்துவமனைச் சீட்டுகள், எல்லாம் அதில் வந்து சேரும். வந்த உடனே அவை ஜி.பி.ஜி. முறையில் பூட்டப்பட்டுவிடும். பூட்டுவதற்கு வேண்டியது பப்ளிக் கீ மட்டும்தான். அது சர்வரில் இருந்தது. திறப்பதற்கு வேண்டிய பிரைவேட் கீ பொருளாளரான என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்க வேண்டும். ஏற்பாடு அப்படித்தான். அதைச் செய்து கொடுத்த பையனிடம் அன்று நான், "பெட்டிக்குள்ளே போடுறதுக்கு யாருக்கும் சாவி வேண்டாம், எடுக்கிறதுக்கு மட்டும்தான் வேணும், அப்படித்தானே? கோயில் உண்டியல்!" என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. சரியாகத்தான் புரிந்துகொண்டேன். கடைப்பிடித்தேனா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பித்தல் விண்ணப்பங்கள் வரும்போது பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு இணைய வேகம் உங்களுக்குத் தெரியும். கோப்புகளை இங்கே இறக்கித் திறப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். இரண்டாம் வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாவியைச் சர்வரிலேயே வைத்துவிட்டால் என்ன? சாவிக்குத்தான் பாஸ்ஃப்ரேஸ் இருக்கிறதே. சர்வருக்குள் போகும் வழி எஸ்.எஸ்.எச்., அதுவும் குறியாக்கம் செய்யப்பட்டது. நான் தட்டும் எழுத்தை நடுவில் யாரும் படிக்க முடியாது. அப்புறம் என்ன பயம்?

ஜூன் தோறும் டெர்மினலைத் திறந்து, சர்வருக்குள் போய், அங்கே பாஸ்ஃப்ரேஸைத் தட்டி, அங்கேயே கோப்புகளைத் திறந்து பார்த்தேன். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. பெருமையாக இருந்தது.

கடந்த மாதம் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று நம் மாணவர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தார். அதே சர்வரில் நம் பழைய பள்ளிப் புகைப்படங்களுக்காக ஒரு ஆல்பம் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா? அதைப் பல வருடமாக யாரும் புதுப்பிக்கவில்லை. 'அது அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் பார்க்கிறார்கள்' என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். அதன் ஓட்டை வழியாக யாரோ உள்ளே வந்து, சர்வருக்கே முழு அதிகாரி ஆகி, டெர்மினலில் தட்டப்படுவதையெல்லாம் எழுதி வைக்கும் ஒரு நிரலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது என்று துல்லியமாகத் தெரியவில்லை. இரண்டு ஜூன்களுக்கு மேல் இருக்கும்.

அவர் நேரில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "சார், இந்த ஃபைல்ல இருக்கிறது உங்களோடதான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். என் பாஸ்ஃப்ரேஸ். முதல் வரியில் ஒரு எழுத்துப் பிழை. நான் எப்போதும் தவறவிடும் அதே எழுத்து. அடுத்த வரியில் சரியாக. நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மை போட்டவனுக்குத் தன் பிழையை அடுத்தவன் கோப்பில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எஸ்.எஸ்.எச். என்ன தவறு செய்தது? ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் எல்லாருக்கும் புரிய வைக்க விரும்புகிறேன்.

பொதுத்தேர்வு வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு வினாத்தாள் கட்டுக்காப்பு மையம் தெரியும். அரக்கு முத்திரை, பூட்டு, காவலுக்குப் போலீஸ், வழித்தட அலுவலர், வண்டி. கட்டு பள்ளிக்கு வந்து சேரும்வரை ஒரு எறும்பு நுழையாது. ஆனால் கட்டைப் பிரிக்கும் அறையிலேயே ஒருவன் ஒளிந்திருந்தால்? வழியில் இருந்த அத்தனை காவலும் வீண். எஸ்.எஸ்.எச். என்பது அந்த வண்டி. என் விரலிலிருந்து சர்வர் வாசல்வரை அது பத்திரமாகக் கொண்டுபோகும். வாசலுக்குள் போனதும் முத்திரையை உடைத்து, நான் தட்டிய எழுத்துகளை அப்படியே வெறும் எழுத்தாக அந்தக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடும். கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் ஜி.பி.ஜி. எதை வைத்துத் திறக்கும்? திரையில் எழுத்து தெரியாமல் மறைவதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். மறைவது நம் கண்ணுக்கு மட்டும்தான். அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் அதிகாரியோ அவர் விரும்பினால் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கலாம்.

எஸ்.எஸ்.எச். பிறந்த கதையே இதன் பாதியைச் சொல்கிறது. 1995 இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அதற்குப் பதிலாக டாட்டு யுலோனன் என்பவர் எழுதியது அது. அதற்கு முன் டெல்நெட் வழியாகத்தான் எல்லாம், கடவுச்சொல் அஞ்சலட்டை மாதிரித் திறந்தபடி போகும். வழியில் ஒட்டுக்கேட்பதை யுலோனன் அடைத்தார். மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டரை நல்லதாக மாற்றித் தருகிறேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நாம்தான் அப்படி எடுத்துக்கொண்டோம்.

அதற்கும் முன்னால், 1991 இல் பி.ஜி.பி. வெளியிட்ட ஃபில் சிம்மர்மன் தன் கையேட்டிலேயே, இது உங்கள் கைக்குள் இருக்கும், நீங்கள் ஒருவர் மட்டும் புழங்கும் கம்ப்யூட்டருக்காகச் செய்தது, பலர் புழங்கும் தொலைவுக் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டினால் ஆபத்து கூடும் என்ற பொருளில் எச்சரித்திருந்தார். கையேட்டைப் படிக்காமல் விட்ட மாணவன் நான் மட்டுமல்ல என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். 2001 மே மாதம் அப்பாச்சி அறக்கட்டளையில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அவர்களுடைய நிரலாளர் ஒருவர் சோர்ஸ்ஃபோர்ஜ் சர்வரில் தனக்கிருந்த கணக்குக்குள் போய், அங்கிருந்து அப்பாச்சி சர்வருக்கு எஸ்.எஸ்.எச். மூலம் போனார். சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்த எஸ்.எஸ்.எச். நிரலையே யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது குறித்துக்கொண்டது. அதை வைத்து அப்பாச்சிக்குள் நுழைந்தவன், அங்கும் அதே மாதிரித் திருட்டு நிரலைப் போட்டான். ஒவ்வொரு இரவும் தானாக நடக்கும் சோதனையில் அந்த மாற்றம் மாட்டிக்கொண்டது. கவனியுங்கள், அவர் இரண்டு முறையும் எஸ்.எஸ்.எச். தான் பயன்படுத்தினார். இரண்டு வண்டியும் பத்திரமான வண்டிதான். நடுவில் இறங்கி மாறிய பேருந்து நிலையத்தில்தான் பை போயிற்று.

எபுரி என்ற திருட்டு நிரலைப் பற்றி ஈசெட் நிறுவனம் 2014 இல் விரிவாக எழுதியது. எஸ்.எஸ்.எச். நிரலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கடவுச்சொற்களையும், பிரைவேட் கீயின் பாஸ்ஃப்ரேஸையும், சேர்த்தே சாவியையும் எடுத்துக்கொள்ளும். சில வருடங்களில் 25,000 க்கும் மேற்பட்ட சர்வர்கள் அந்தக் கூட்டத்தின் கைக்குப் போயிருந்தன என்று அந்த அறிக்கை சொன்னது. ஆக, நான் சொல்வது கற்பனைப் பூச்சாண்டி அல்ல.

இனி நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். இது கம்ப்யூட்டர்காரர்களே பலர் செய்வது.

திண்ணையில் அந்தக் கோப்பைப் பார்த்த உடனே நான் உள்ளே ஓடிப் போய்ப் பாஸ்ஃப்ரேஸை மாற்றினேன். புதியதாக, இன்னும் நீளமாக. மாற்றிவிட்டு வந்து, "முடிஞ்சுது, மாத்திட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் இருந்தார். பிறகு, "சார், பூட்டு மாறல சார். உங்க கையில இருக்கிற சாவியோட உறையைத்தான் மாத்தியிருக்கீங்க" என்றார்.

நிதானமாக விளக்கினார். பாஸ்ஃப்ரேஸ் பூட்டுவது கோப்புகளை அல்ல, சாவியைத்தான். நான் மாற்றியது என்னிடம் இருக்கும் பிரதியின் உறையை. திருடன் ஏற்கெனவே சர்வரிலிருந்து சாவிக் கோப்பை நகல் எடுத்திருந்தால், அந்த நகலைப் பழைய பாஸ்ஃப்ரேஸ் என்றைக்கும் திறக்கும். நான் இங்கே நூறு தடவை மாற்றினாலும் அவன் நகலுக்கு ஒன்றும் ஆகாது. வட்டு முழுவதையும் பூட்டும் லக்ஸ் முறையிலும் இதே கதைதான். வட்டின் தலைப்பகுதியை ஒருவன் முன்பே நகலெடுத்து வைத்திருந்தால் பழைய பாஸ்ஃப்ரேஸ் அந்த நகலோடு சேர்ந்து வேலை செய்யும். வங்கி ஏ.டி.எம். பின் எண்ணை மாற்றினால் பழைய எண் செத்துப்போகிறது, ஏனென்றால் வங்கி நடுவில் உட்கார்ந்து சரிபார்க்கிறது. இங்கே நடுவில் யாரும் இல்லை. கணக்கு மட்டும்தான் இருக்கிறது. கணக்குக்கு நேற்று, இன்று என்று எதுவும் கிடையாது.

ஆகவே பழைய சாவியையே செல்லாது என்று அறிவித்துவிட்டு, புதுச் சாவி உண்டாக்கி, இருப்பதையெல்லாம் புதிதாகப் பூட்டியிருக்கிறோம். ஆனால் ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பழைய கோப்புகள் திறந்தவைதான். அதனால்தான் கடந்த மூன்று வாரமாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் நானே போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கணக்கில் கவனம், ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும் கொடுக்காதீர்கள், ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள் என்று. ஒரு தாய், கூலி வேலை பார்க்கிறவர், "சார், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் போயிருக்குமா?" என்று கேட்டார். போயிருக்கலாம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார், நீங்க சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார். எனக்குப் போதவில்லை.

இதைக் கேட்ட என் தங்கை மகன் ஒரு வாதம் வைத்தான். அவனும் இந்தத் துறைதான். "மாமா, சர்வரே திருடன் கையில இருந்தா எப்படியும் எல்லாம் போச்சு. சாவி அங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" கேட்க நியாயமாக இருக்கிறது. சரியில்லை. சாவி அங்கே இல்லாமல் இருந்திருந்தால், திருடன் உள்ளே வந்த நாளுக்குப் பிறகு புதிதாக வந்து சேர்ந்த விண்ணப்பங்களை, அவை பூட்டப்படுவதற்கு முந்திய அந்தக் கணத்தில், பிடித்திருப்பான். அதுவும் மோசம்தான். ஆனால் அதற்கு முந்திய வருடங்களின் கோப்புகள் அவனுக்கு வெறும் குப்பையாக இருந்திருக்கும். நான் சாவியைக் கொண்டுபோய் வைத்துப் பாஸ்ஃப்ரேஸையும் தட்டியதால், நடந்த திருட்டு பின்னோக்கிப் பல வருடம் நீண்டுவிட்டது. ஒரு நாள் வசூல் போவதற்கும் உண்டியலே போவதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

ஆகவே என் கருத்து இது. பாஸ்ஃப்ரேஸை நம் கைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய பொருள் சாவி இருக்கும் இடத்துக்கு வரலாம். சாவி பொருளைத் தேடிப் போகக் கூடாது. கோப்பு பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம். நான் மிச்சம் பிடித்தது வருடத்துக்கு இரண்டு மணி நேரம்.

கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. உங்களில் பலர் முதலில் ஒரு நடுச் சர்வருக்குப் போய், அங்கே வைத்திருக்கும் சாவிக்குப் பாஸ்ஃப்ரேஸ் தட்டி, அங்கிருந்து அடுத்த சர்வருக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க" என்கிறீர்கள். அப்பாச்சி கதையில் நடந்தது அதேதான். 2016 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.3 லிருந்து ப்ராக்ஸிஜம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது. நடுச் சர்வர் வெறும் வழியாக மட்டும் இருக்கும். பூட்டு திறப்பது உங்கள் மேசையில் நடக்கும், நடுவில் இருப்பவனுக்குப் பூட்டிய பொட்டலம் மட்டுமே தெரியும். ஒரே ஒரு வரி அமைப்பு. இதை ஏன் செய்யவில்லை என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு வழியும் சொல்கிறார்கள். ஏஜென்ட் ஃபார்வர்டிங். சாவி உங்களிடமே இருக்கும், ஆனால் தொலைவில் இருக்கும் சர்வர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஜென்டிடம் 'ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு' என்று கேட்க முடியும். பாஸ்ஃப்ரேஸ் அங்கே போவதில்லை, சாவியும் போவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அந்தச் சர்வரின் அதிகாரி உங்கள் பெயரில் கையெழுத்து வாங்கிக்கொள்ள முடியும். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் தளத்துக்குள் வந்தவன் இப்படி ஃபார்வர்ட் ஆன சாவிகளைப் பிடித்துத்தான் சர்வர் சர்வராகத் தாவினான். அவர்களுடைய மென்பொருளுக்குக் கையெழுத்திடும் ஜி.பி.ஜி. சாவிகளும் அங்கே சர்வரிலேயே இருந்தன. அவற்றையும் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. காலிச் செக்கில் கையெழுத்துப் போடாமல், பேனாவை மட்டும் அடுத்தவன் மேசையில் வைத்துவிட்டு வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் விரலால் தொட்டு ஒப்புதல் தரும் சிறிய யு.எஸ்.பி. சாவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2020 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2 முதல் அதற்கு வழி இருக்கிறது. நான் ஒன்று வாங்கிவிட்டேன். பென்ஷன்காரனுக்கு விலை கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஒரு இடத்தில் மட்டும் தொலைவில் தட்டாமல் முடியாது. சர்வரின் வட்டு முழுவதும் பூட்டப்பட்டிருந்தால், மின்சாரம் போய் அது மறுபடி எழும்போது பாஸ்ஃப்ரேஸ் கேட்டு நிற்கும். நாம் இங்கே, அது எங்கோ. அதற்காக ஆரம்ப நிலையிலேயே டிராப்பேர் என்ற குட்டி எஸ்.எஸ்.எச். ஒன்றை ஓட விட்டு, அதன் வழியே தட்டுகிறார்கள். நம் புதுச் சர்வரிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தவறில்லை, ஆனால் இதனால் என்ன கிடைக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். கழித்துப்போட்ட வட்டு யார் கைக்காவது போனால் அவர் படிக்க முடியாது. அவ்வளவுதான். அந்தக் குட்டி நிரல் இருக்கும் பகுதி பூட்டப்படாத பகுதி. இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை மாற்றி வைத்தால் நமக்குத் தெரியாது.

இதில் இன்னொரு கண்ணி. அந்தக் குட்டி எஸ்.எஸ்.எச். க்கும் சர்வர் முழுதாக எழுந்தபின் வரும் எஸ்.எஸ்.எச். க்கும் அடையாளச் சாவி வேறு வேறாக இருக்கும். அதனால் நம் கம்ப்யூட்டர் 'அடையாளம் மாறியிருக்கிறது, யாரோ நடுவில் இருக்கலாம்' என்று பெரிய எழுத்தில் கத்தும். முதல் தடவை பயப்படுவோம். மூன்றாவது தடவை பழைய அடையாளத்தை அழித்துவிட்டு 'யெஸ்' என்று தட்டப் பழகிவிடுவோம். நிஜத் திருடன் வரும் அன்றும் அதே விரல் அதே 'யெஸ்' தட்டும். இரண்டு அடையாளத்தையும் தனித்தனிப் பெயரில் பதிந்து, கைரேகை எண்ணைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்காமல் தட்டுவதில்லை.

கதை சொல்லாமல் விட்டால் வாத்தியாருக்குத் தூக்கம் வராது. ஒரு முறை திருச்சியில் உறவினர் வீட்டிலிருந்து என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் எஸ்.எஸ்.எச். மூலம் போய் ஒரு கோப்பைத் திறக்கப் பார்த்தேன். டெர்மினல் பேசாமல் நின்றது. ஐந்து நிமிடத்தில் வீட்டம்மா போனில், "ஏங்க, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பொட்டி வந்து என்னமோ கேட்டுக்கிட்டு நிக்குது" என்றார்கள். விஷயம் என்னவென்றால், வீட்டில் திரைக்கு முன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஜி.பி.ஜி. ஏஜென்ட், பாஸ்ஃப்ரேஸ் பெட்டியை எனக்குக் காட்டாமல் வீட்டுத் திரையில் காட்டிவிட்டது. உண்மையில் அந்த மென்பொருள் என்னைவிட விவரமாக நடந்துகொண்டது! நான் என்ன செய்தேன்? பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, போனிலேயே எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அங்கிருந்த சின்னப் பையன் ஒருவன் முழுவதும் கேட்டுவிட்டு, "தாத்தா, இது குறள்தானே?" என்றான்.

ஆமாம், குறள்தான். ஆங்கில எழுத்தில். இன்று வெட்கமாக இருக்கிறது, அதுவும் கணக்கு வாத்தியார். குறள் மொத்தம் 1330. ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நூறு விதமாக எழுதலாம் என்று வைத்துக்கொண்டாலும் 1,33,000 தான். கம்ப்யூட்டருக்கு அது ஒரு பிடிப் பொரி. பகடையை உருட்டிச் சொல் எடுக்கும் டைஸ்வேர் என்ற முறை 1995 இலிருந்து இருக்கிறது. ஐந்து பகடை, ஒரு பட்டியல், 7776 சொற்கள். அதில் இரண்டே சொல் எடுத்தால் ஆறு கோடிக்கு மேல் வாய்ப்பு வந்துவிடுகிறது. ஆறு சொல் எடுத்தால் 22 எழுதி அதற்குப் பின்னால் 22 பூஜ்யம் போட வேண்டும். ஏழு சீர் மனப்பாடம் செய்த நமக்கு ஆறு சொல் பெரிதா? இப்போது தாயக்கட்டையை வைத்துவிட்டுப் பகடை வாங்கிவிட்டேன். தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். ஆசைதான். ஆனால் கம்ப்யூட்டர் எழும்பும் அந்த முதல் நிலையில் தமிழ் விசைப்பலகை இருக்காது. வட்டைப் பூட்டிவிட்டு நாமே வெளியே நிற்போம்.

ஆனாலும் ஒன்று. என் விஷயத்தில் குறளாக இருந்ததால் திருடு போகவில்லை. ஆறு சொல் பகடைப் பாஸ்ஃப்ரேஸாக இருந்திருந்தாலும் அதே கோப்பில் அதே மாதிரி விழுந்திருக்கும். தட்டிய இடம்தான் கெடுத்தது.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத என் உறவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. 'உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று யாராவது போனில் சொல்லி, உங்கள் திரையை அவர் பார்க்கும்படி செய்துவிட்டுப் பின் எண் தட்டச் சொன்னால், அது நான் செய்ததுக்கு மறுபக்கம். நான் திருடன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அங்கே அவன் உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு திறக்கச் சொல்கிறான். எனிடெஸ்க் மாதிரியான ஆப்புகளை வைத்து நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 லேயே எச்சரித்தது. அத்தை, நீங்கள் போன மாதம் மின் கட்டணம் கட்டுவதாக ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தீர்களே, அதைப் பற்றி நேரில் வந்து பேசுகிறேன்.

இனி வேலை. புதுச் சாவியின் கைரேகை எண்ணை வரும் ஞாயிறு காலை நம் குழு அழைப்பில் நானே வாசிக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், அதன்பின் வேறு எண்ணோடு என் பெயரில் எது வந்தாலும் நம்பாதீர்கள். பிரைவேட் கீ என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. இதன் இரண்டாம் பிரதியும் பாஸ்ஃப்ரேஸும் தனித்தனி உறையில், தனித்தனி இருவரிடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. நான் போன பிறகு பிள்ளைகளின் கோப்புகள் திறக்காமல் கிடக்கக் கூடாது. ஒரே ஊரில் இல்லாத, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர் மட்டும் எழுதுங்கள்.

பெயர் மட்டும். சென்ற முறை ஒருவர் தன் கடவுச்சொல்லையே கமெண்டில் போட்டுவிட்டு, 'சார், இது பலமா இருக்கா?' என்று கேட்டிருந்தார்.